திறக்காத கரை

கம்ப்யூட்டர் கோளாறு என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். கரண்ட் பில் கூடி வந்தால் கம்ப்யூட்டர் கோளாறு. ரேஷன் கார்டில் அப்பா பெயர் மாறியிருந்தால் கம்ப்யூட்டர் கோளாறு. அந்தப் பெட்டி தானாக எதையும் செய்வதில்லை. யாரோ சொன்னதைச் செய்கிறது. சொன்னவர் யோசிக்காமல் சொன்னால் அதுவும் யோசிக்காமல் செய்கிறது, அவ்வளவுதான். மதுரை பழங்காநத்தத்தில் பல வருஷம் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தேன். இளமையில் பெரும்பகுதி இந்த ஒரு விஷயத்தை ஆட்களுக்குப் புரியவைப்பதிலேயே போய்விட்டது.

கடை, பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒரு பஞ்சர் கடைக்கும் மிக்சர் கடைக்கும் நடுவில் இருந்தது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், சூடேறினால் தாளைக் கடித்துக்கொள்ளும் ஒரு ஜெராக்ஸ் மெஷின். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் எல்லாம் வரும். எல்லோருக்கும் எல்லாமே இன்றைக்கே வேண்டும். செத்தவருக்கு வேண்டுமானால் அவசரம் என்று ஒப்புக்கொள்ளலாம், காதுகுத்துக்கு என்ன அவசரம் என்று நான் கேட்டால் முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தபோது எழுமலைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, வெள்ளைச் சட்டை, தென்னந்தோப்பும் பருத்திக் காடும் உள்ள குடும்பம். அவர்களுடைய குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஒரு மலர் போடுகிறார்கள், அதில் பங்காளிகள் எல்லோருடைய வம்சாவளியும் வர வேண்டும், அவர்தான் கமிட்டிச் செயலாளர். நான் அவரை அண்ணே என்றேன், அவர் என்னைத் தங்கச்சி என்றார். வேலை பேசி முடிந்தது.

“நீங்க ஒண்ணும் செரமப்பட வேணாம் தங்கச்சி. எங்க பங்காளி வீட்டுத் தம்பி அமெரிக்காவுல இருக்காப்ல. அவரு ஒரு புரோகிராம் எழுதி சி.டி.ல போட்டுக் குடுத்திருக்காரு. வெவரத்த ஏத்திட்டு பட்டனத் தட்டுனா புஸ்தகம் தானா வந்துருமாம்.”

தானாக வந்துரும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து ஓட வேண்டும் என்கிற அறிவு எனக்கு அப்போது இல்லை. சரி என்றேன்.

அவர்களில் பங்காளிகள் நான்கு கரைகளாகப் பிரிந்திருந்தார்கள். கரை என்றால் ஒரே மூத்தவரின் நான்கு பிள்ளைகள் வழியாக வந்த நான்கு பிரிவு, கோயிலில் ஒவ்வொரு கரைக்கும் தனி மரியாதை, தனி முறை. வீட்டுக்கு ஒரு தாள் கொடுத்து விவரம் எழுதி வாங்கியிருந்தார்கள். தாள்கள் சாக்குப் பையில் வந்தன. சிலதில் மஞ்சள், சிலதில் எண்ணெய், ஒன்றில் யாரோ வெற்றிலையைத் துடைத்திருந்தார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண் கொடுத்து, அப்பா எண், அம்மா எண், கணவன் அல்லது மனைவி எண் என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். பெண் பிள்ளைகளையும் அவர்கள் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்கத் தம்பி சொல்லிவிட்டாராம். “காலம் மாறிப்போச்சுல்ல,” என்றார் செயலாளர், கொஞ்சம் வருத்தத்தோடு.

ஏற்றிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு மத்தியானம் அறுபது வயதுள்ள ஒரு அம்மா குடையும் மூக்குக்கண்ணாடியுமாகக் கடைக்குள் வந்தார். செயலாளர் அங்கேதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. முன்பின் தெரியாதவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

“ஏம்மா, எங்க வீட்டுத் தாளு ஏத்தியாச்சா?” என்று கேட்டு வீட்டு விவரத்தைச் சொன்னார்.

“ஏத்தியாச்சு பெரியம்மா.”

“என் மக பேரு இருக்கா?”

தேடிப் பார்த்தேன். இருந்தது. ஒரே மகள், காலமாகிவிட்டாள் என்று தாளில் எழுதியிருந்தது.

“அவ புருசன் தாள்ல அவ பேரு இருக்கா?”

புருஷன் பெயரைச் சொன்னார். அது செயலாளருடைய பெயர். செயலாளரின் தாளை எடுத்தேன். அதில் மனைவி என்ற இடத்தில் வேறொரு பெயர் மட்டும் இருந்தது.

“இல்லையே பெரியம்மா.”

“ஏன் இல்லைன்னு அவன்கிட்டக் கேளு.”

‘அவன்’ கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் திரும்பி “அண்ணே” என்பதற்குள், “காதுல விழுந்துச்சும்மா. அவசரத்துல விட்டுப்போச்சு. சேத்துக்கங்க,” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அந்த அம்மா அவருடைய கூடப்பிறந்த மூத்த அக்கா. அக்கா மகளைத்தான் அவர் முதலில் கட்டியிருக்கிறார். அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை, இடையில் யாராவது வேண்டும். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற இடத்தில் இப்படி இடையில் நின்று நின்று எனக்குப் பழக்கம்தான். பழக்கம் என்பதால் எரிச்சல் குறைந்துவிடாது.

மனைவி இடத்தில் அந்தப் பெயரைச் சேர்க்கும்போது, “இதைப் புது ஆளாப் போடவா, இல்ல உங்க மகள் எண்ணையே போடவா?” என்று கேட்டேன்.

“என்னம்மா கேக்குற? பெத்தவ நான் ஒருத்தி, பிள்ளையும் ஒருத்திதான. ரெண்டு பேரா இருப்பா?”

நியாயம்தான். ஒரே எண்ணைப் போட்டேன். அவரையும் தம்பியோடு ஒரே அப்பா, அம்மா எண்ணில் சேர்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றாமல் திரையில் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

எல்லாவற்றையும் ஏற்றி முடித்து, செயலாளர் முன்னிலையில் பட்டனைத் தட்டினேன். புரோகிராம் கொஞ்ச நேரம் முனகி, முடிந்தது என்று சொன்னது. பெரிய டாக்குமெண்ட் ஒன்று உருவாகியிருந்தது. அதைத் திறந்தேன். மணல் கடிகாரம் சுற்றியது. திரை வெளுத்தது. ஏதோ தவறு நிகழ்ந்துவிட்டது, மூடப்போகிறேன், வருந்துகிறேன் என்கிற மாதிரி இங்கிலீஷில் ஒரு பெட்டி வந்தது. அதோடு, பக்கத்தில் நான் திறந்து வைத்திருந்த கோச்சடைக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையையும் இழுத்துக்கொண்டு போனது. அதை நான் சேமித்திருக்கவில்லை.

மறுபடி திறந்தேன், மறுபடி போனது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன், போனது. இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தேன், அது இன்னும் வேகமாகப் போனது. டைப் செய்யும் சாஃப்ட்வேரை எடுத்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். ஏற்றியதும் அது மிகவும் தெம்பாகப் போனது.

சர்வீஸ் பார்க்கிறவர் வந்தார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. “ஃபார்மேட் அடிச்சிருவோம்க்கா.” மானிட்டர் மினுங்கினாலும் ஃபார்மேட், எலி வயரைக் கடித்தாலும் ஃபார்மேட். அடித்தார். தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் போய், கடையில் இருந்த ஃபைல்கள் அத்தனையும் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. அவற்றை மீட்டுக் கொண்டுவந்த பிறகு வம்சாவளியைத் திறந்தால் அது பழையபடியே போனது. குதிரை கீழே தள்ளினது பத்தாதென்று குழியும் பறித்தது என்பார்களே, அதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

செயலாளர் கோயிலில் இருந்து விபூதி கொண்டுவந்து மானிட்டர் நெற்றியில் மூன்று கோடு போட்டார். நான் தடுக்கவில்லை. சர்வீஸ்காரரின் வைத்தியத்தைவிட அது ஒன்றும் கெடுதல் செய்துவிடவில்லை.

அமெரிக்கத் தம்பிக்கு, தெருமுனையில் இருந்த பிரவுசிங் சென்டரில் போய் மெயில் அனுப்பினேன். தன்னிடம் நன்றாகத் திறக்கிறது, உங்கள் கம்ப்யூட்டரில்தான் ஏதோ பிரச்சினை என்று பதில் வந்தது. எதை வைத்துச் சோதித்தீர்கள் என்று கேட்டேன். தன் வீட்டு விவரத்தை வைத்தாம். அவர், மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா. ஊரே சேர்ந்து இழுக்கிற தேரைத் தன் வீட்டு முற்றத்தில் உருட்டிப் பார்த்துவிட்டு ஓடுகிறது என்று அனுப்பியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் எழுமலையிலேயே இருந்திருந்தால் நல்லது என்று தோன்றியது. பஸ் ஏறிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

புத்தகம் அச்சுக்குப் போக வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கோபித்துப் பயனில்லை என்று, மொத்தமாகத் திறக்காவிட்டால் போகிறது, கரை கரையாகத் திறந்து பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். முதல் கரையை மட்டும் உருவாக்கினேன். பளிச்சென்று திறந்தது. இரண்டாவது திறந்தது. மூன்றாவதும் திறந்தது. நான்காவது போய்விட்டது. நான்காவது கரை செயலாளருடைய கரை.

இதை நான் வாயை மூடிக்கொண்டு எனக்குள் வைத்திருந்திருக்க வேண்டும். கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் விஷயம் எழுமலைக்குப் போய்விட்டது. மற்ற மூன்று கரைக்காரர்களும், “எங்க கரையெல்லாம் தெறக்குது, அவுக கரை மட்டும் தெறக்கலைன்னா என்னமோ சாமி குத்தம் இருக்கு,” என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். வெறும் ஃபைல் திறக்காத விவகாரம் தெய்வக் குற்றமாகிவிட்டது. செயலாளர் மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து நின்றார். முகம் இறுகியிருந்தது.

“தங்கச்சி, கும்பாபிஷேகத்துல எங்க கரைக்கு மொத மரியாத. இந்தப் பேச்சு முத்திச்சுன்னா குடத்தத் தொட விடமாட்டாய்ங்க. எப்படியாச்சும் தெறந்துருங்க.”

நான்காவது கரையைப் பாதியாக வெட்டினேன். ஒரு பாதி திறந்தது, ஒரு பாதி திறக்கவில்லை. திறக்காத பாதியை மறுபடி பாதியாக்கினேன். இப்படியே குறைத்துக் குறைத்துக் கொண்டுபோனால் கடைசியில் ஒரே ஒரு எண்ணில் வந்து நின்றது. அந்த எண்ணை எடுத்துவிட்டால் நான்காவது கரை மற்ற மூன்றையும் போல அமைதியாகத் திறக்கிறது. சேர்த்தால் உயிரை விடுகிறது. பேன் பிடித்த சந்தோஷத்தில் நான் சத்தமாகவே அந்தப் பெயரை வாசித்துவிட்டேன்.

செயலாளர் குனிந்து திரையைப் பார்த்தார். அது அவருடைய முதல் மனைவியின் பெயர்.

“எறந்து போன ஆளுதானம்மா,” என்றார் பிறகு. “எடுத்துருங்க. அதான் இன்னொருத்தி பேரு இருக்குல்ல. பழைய காலத்துப் புஸ்தகத்துல பொம்பளப் பேரே கெடையாது.”

எனக்கும் அலுத்துப் போயிருந்தது. எடுத்தேன். நான்கு கரையும் சேர்ந்து திறந்தன. அவர் ஒரு பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஊரில் காட்டத்தான்.

மறுநாள் அக்கா வந்தார். செயலாளர் சொல்லியிருக்க மாட்டார், பேச்சுதான் இல்லையே. மெய்ப்புப் பார்க்கிறேன் என்று வந்திருந்தார். நான் திரையில் அவர் பக்கத்தைத் திறந்தேன். அவர் பெயரும் அவருடைய கணவர் பெயரும் இருந்தன. அதற்குக் கீழே வெள்ளையாக இருந்தது.

“என் மக எங்கம்மா?”

நான் சொல்ல வாயெடுத்தபோது கரண்ட் போனது. நல்லவேளை போனது. என்ன சொல்வதென்று எனக்கே தெரியவில்லை. யு.பி.எஸ். கீச்கீச்சென்று கத்தியது, அதை அணைத்தேன். இருட்டில்லை, பட்டப்பகல்தான். ஆனாலும் ஃபேன் நின்றதும் கடை திடீரென்று சின்னதாகிவிட்டது. அவள் பெயரைச் சேர்த்தால் ஃபைல் திறக்கவில்லை என்று சொன்னேன். 

“அவ பேரச் சேத்தா தெறக்கலையா? அவ மட்டுந்தானா?”

“அவங்க மட்டும்தான் பெரியம்மா.”

பிறகு அவர் சொன்னார். மகளுக்குத் தலைப்பிரசவம். ஏழாம் மாசம் வளைகாப்பு போட்டார்கள். வளைகாப்பு முடிந்தால் மகளைத் தாய் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அதுதான் முறை. பருத்தி எடுப்பு நேரம், வீட்டில் ஆட்களுக்குச் சோறு பொங்க ஆளில்லை. தம்பி அனுப்பவில்லை.

“என்ன சொன்னான் தெரியுமா? மாமன் வீடு வேற, ஆத்தா வீடு வேறயாக்கா, ரெண்டும் ஒண்ணுதான, பக்கத்துத் தெரு, எந்நேரமும் வந்து பாத்துக்கன்னான். என் தம்பிதான, நானும் சரின்னுட்டேன். வேத்து வீட்டுல குடுத்திருந்தா விட்டிருப்பேனா? சண்ட போட்டுல கூட்டியாந்திருப்பேன்.”

வலி வந்தபோது அக்கா வீட்டில் இல்லை. தம்பி காட்டில் இருந்தார். உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்துப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தாயும் போனாள், பிள்ளையும் போனது. வருஷம் திரும்புவதற்குள் தம்பிக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள். அன்றைக்கு நின்ற பேச்சுதான்.

அவர் அழவில்லை. குடையை மடியில் வைத்துக்கொண்டு, “பாத்துச் சேத்துரும்மா,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கெட்ட கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் கம்ப்யூட்டர்மேல் கொண்டேன்.

அந்த சி.டி.யில் புரோகிராம் எழுதப்பட்ட மூல வரிகளும் இருந்தன. கோர்ஸ் போய்க் கொஞ்சம் புரோகிராம் படித்தவள்தான் நான், ஆனாலும் அடுத்தவர் எழுதிய புரோகிராமைப் படிப்பதும் டாக்டர் எழுதிய சீட்டைப் படிப்பதும் ஒன்றுதான். வீணாய்ப்போன ஒரு காதுகுத்துப் பத்திரிகையின் முதுகில் அம்புக்குறி போட்டுப் போட்டு, அது என்ன செய்கிறது என்று வரைந்து பார்த்தேன். ஒரு ஆளை எழுதும்போது ஒரு பெட்டி போடுகிறது. அந்தப் பெட்டிக்குள் மனைவிக்கு ஒரு பெட்டி. மனைவி பெட்டிக்குள் அவள் பிறந்த வீட்டுக்கு ஒரு பெட்டி. அதற்குள் அவள் அம்மா, அம்மாவுடன் பிறந்தவர்கள். சரி. அவள் அம்மாவுடன் பிறந்த தம்பி யார்? அவள் புருஷன். உடனே அவனுக்கு ஒரு பெட்டி, அதற்குள் அவன் மனைவி, அவள் பிறந்த வீடு, அவள் அம்மா, அம்மாவின் தம்பி.

பத்திரிகையின் முதுகில் என் அம்புக்குறி வட்டமாக வந்து முதல் பெட்டியிலேயே குத்தி நின்றது. நான் பேனாவைப் போட்டுவிட்டுச் சிரித்தேன். எங்காவது நிற்க வேண்டுமே என்று அமெரிக்கத் தம்பி ஒரு எல்லை வைத்திருந்தார், அந்த எல்லை வருகிறவரைக்கும் பெட்டிக்குள் பெட்டியாகப் போட்டுக்கொண்டே போயிருக்கிறது. அத்தனை ஆழம் போக முடியாமல்தான் டைப் செய்யும் சாஃப்ட்வேர் மூச்சுத் திணறிச் செத்திருக்கிறது. அமெரிக்காவில் வம்சாவளியை மரம் என்கிறார்கள், கிளை பிரிந்தால் பிரிந்ததுதான். எங்கள் பக்கம் அக்கா மகளைக் கட்டுவோம், மாமன் மகளைக் கட்டுவோம், போன கிளை திரும்பி வந்து அடிமரத்திலேயே ஒட்டிக்கொள்ளும். என் அப்பாவும் அம்மாவுமே அத்தை மகன், மாமன் மகள். அப்படிப்பட்ட ஒரு வட்டத்துக்குள் பிறந்து வளர்ந்த எனக்கே இது உறைக்க இத்தனை பாடு.

அப்படியானால் மற்ற முறைக் கல்யாணங்கள் ஏன் சிக்கவில்லை? நான்கு கரையிலும் அக்கா மகளைக் கட்டியவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்களே. தாள்களைப் புரட்டினேன். புருஷன் வீட்டில் ஒரு தாள் எழுதியிருக்கிறார்கள், பெண் பிறந்த வீட்டில் ஒரு தாள் எழுதியிருக்கிறார்கள். நான் தாள் தாளாக ஏற்றியதில் ஒவ்வொரு பெண்ணுக்கும் இரண்டு எண் விழுந்திருந்தது. பிறந்த வீட்டில் ஒரு மகள், கல்யாணமே ஆகாதவள். புகுந்த வீட்டில் ஒரு மனைவி, எங்கே பிறந்தாள் என்றே தெரியாதவள். அந்த வம்சத்துப் பெண்கள் இரண்டிரண்டாக இருந்ததால் பிரச்சினையில்லாமல் திறந்தார்கள். ஒருத்தியை மட்டும்தான், பெற்றவள் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, உள்ளபடி ஒருத்தியாகப் போட்டிருந்தேன். அந்த ஒரு உண்மையைத்தான் எழவெடுத்த ஃபைல் தாங்கவில்லை.

தப்புத் தப்பாக ஏற்றியதெல்லாம் ஓடுகிறது, சரியாக ஏற்றியது சாகிறது என்றால் மனுஷிக்கு எப்படி இருக்கும்? நேர்செய்தே தீருவது என்று உட்கார்ந்தேன். ஒருவரை ஒரு முறை எழுதியாகிவிட்டால், அடுத்த முறை அவர் வரும்போது பெட்டி போடாமல் ‘இன்ன பக்கம் பார்க்க’ என்று மட்டும் போடும்படி புரோகிராமை மாற்றினேன். ஒற்றை வரி மாற்றினால் நான்கு இடத்தில் உடைந்தது. அத்தனையையும் ஒட்டவைத்து, அவள் எண்ணைத் திரும்பச் சேர்த்து, பட்டனைத் தட்டினேன். நான்கு கரையும் திறந்தன. அவளும் இருந்தாள். பஞ்சர் கடைக்காரருக்கும் சேர்த்து டீ சொன்னேன்.

அக்கா வந்தபோது பெருமையாக அவர் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவர் குனிந்து படித்தார்.

“பேரு இருக்கு. பக்கத்துல என்னமோ போட்டுருக்கே?”

“விவரமெல்லாம் உங்க தம்பி பக்கத்துல முழுசா இருக்கு பெரியம்மா. ஆம்பளைப் பிள்ளைகள முதல்ல எழுதச் சொல்லியிருக்காங்க, அதனால அது முன்னாடி வந்துருது. இங்க, அந்தப் பக்கத்தப் பாருங்கன்னு வரும்.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இங்கயும் என் பிள்ளயப் பாக்கணும்னா அவன் வீட்டுக்குத்தான் போகணுமா?”

உடனே, மாற்றிவிடலாம் பெரியம்மா, முழு விவரத்தையும் இங்கே கொண்டுவந்து, தம்பி பக்கத்தில் ‘இந்தப் பக்கம் பார்க்க’ என்று போட்டுவிடலாம் என்றேன்.

“இங்க கொண்டாந்தா அவளுக்குக் கீழ புருசன் பேரு வருமா?”

“வரும்.”

“அவனும் கூடவே வந்துருவான்னு சொல்லு.”

அவர், “மத்தவுக பிள்ளைகளுக்கெல்லாம் எப்படிப் போட்டிருக்க?” என்று கேட்டார். சொன்னேன். பிறந்த வீட்டில் ஒருத்தி, புகுந்த வீட்டில் ஒருத்தி, ரெண்டு வேறு ஆள் மாதிரி தப்பாக விழுந்திருக்கிறது, அதையெல்லாம் இனிமேல்தான் ஒன்றாக்க வேண்டும் என்றேன்.

“எதுக்கு ஒண்ணாக்குற? அப்படியே போடு. அங்க ஒருத்தி இருக்கட்டும். வாழ்ந்தது வாழ்ந்ததுதான, அத நான் இல்லைங்கல. இங்க இருக்குறது என் பிள்ள. எனக்கு அது போதும்.”

முதலில் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. ரெண்டு பேரா இருப்பா என்று கேட்டு ஒருத்தியாகப் போட வைத்தவரும் அவர்தான். அதனால் வந்த வினையை மண்டையைப் பிய்த்துச் சரிசெய்து முடித்த பிறகு, இல்லை, ரெண்டு பேராகவே போடு என்கிறவரும் அவர்தான். ஏதோ சொல்லத் திரும்பினேன். அவர் திரையில் மகள் பெயருக்கு மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் ரேகை படும் என்று நான் யாரையும் மானிட்டரைத் தொட விடுவதில்லை. அன்றைக்குச் சொல்லவில்லை.

நான் திருத்தியதையெல்லாம் ஓரமாக எடுத்து வைத்தேன். அமெரிக்கத் தம்பியின் பழைய புரோகிராமையே போட்டு, மனைவி இடத்தில் அந்தப் பெயருக்குப் புதிதாக ஒரு எண் கொடுத்தேன். பிறந்த ஊர் தெரியாது, பெற்றோர் தெரியாது. மகள் எண்ணில் இருந்து கணவன் எண்ணை எடுத்தேன். பட்டனைத் தட்டினேன். ஒரு முனகல்கூட இல்லாமல் திறந்தது.

அச்சுக்குப் போகும் முன் செயலாளர் வந்து தன் கரையை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். தன் பக்கத்தில் இரண்டு மனைவியர் பெயரும் இருந்ததைப் பார்த்துத் தலையாட்டினார். அக்கா பக்கத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

“தங்கச்சி, இங்க இவளுக்குக் கல்யாணம் ஆனது வரலையே.”

நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “கம்ப்யூட்டர் கோளாறுண்ணே. என்ன பண்ணியும் சரியாகல.”

அவர் அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தார். இத்தனை வாரமாக என் கூடவே உட்கார்ந்து, எது எங்கே கோளாறு என்று என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்த மனிதர்.

“சரி. இருக்கட்டும்மா,” என்றார். “அது அங்கயே இருக்கட்டும்.” தாளை மடித்துக் கொடுத்துவிட்டு எழுந்துகொண்டார்.

கும்பாபிஷேகத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். எழுமலையில் இறங்கி நடந்தால் வெயில் மண்டையைப் பிளந்தது. நான்காவது கரைக்காரர்கள் முதல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள், சாமி குத்தம் பேசியவர்களே முன்னால் நின்று குலவை போடச் சொன்னார்கள். சாப்பாட்டுப் பந்தலில் அக்கா என்னைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். மடியில் புத்தகம் இருந்தது. புரட்டத் தேவையில்லாமல் அந்தப் பக்கம் தானாகவே திறந்துகொண்டது, அத்தனை முறை திறந்திருப்பார் போலிருக்கிறது. அவர் பெயர், கணவர் பெயர், அதற்குக் கீழே மகள். மகளுக்குக் கீழே எதுவும் இல்லை.

அவர் அந்தப் பெயரை உள்ளங்கையால் ஒரு முறை தடவினார்.

“வளகாப்பு முடிஞ்சதும் வர வேண்டியவ,” என்றார். “இப்பத்தான் வந்து சேந்திருக்கா.”